தீவின் புத்தகத்தில் நான் எழுதிய வரி

வேலூரில் நான் படித்த பெண்கள் பள்ளியின் சுவரில் ஒரு தேசப்படம் தொங்கியது. பாம்பனுக்குக் கீழே, கடலில் ஈ உட்கார்ந்தது போல ஒரு கறுப்புப் புள்ளி. அது ஒரு தீவு, சர்க்கார் அனுமதி இல்லாமல் யாரும் அங்கே கால் வைக்க முடியாது, ஒரு சிப்பியைக்கூட எடுத்துவர முடியாது என்று டீச்சர் சொன்னார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவும் அண்ணனும் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தார்கள். லீவு முடிந்து விடுதிக்குத் திரும்பும்போதெல்லாம் பக்கத்துப் பாயில் படுப்பவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் புள்ளியில் தோல் நாற்றம் இருக்காது என்று நினைத்துக்கொள்வேன். பல வருடங்கள் எனக்குத் தெரிந்த பூகோளம் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆசிரியை வேலை கிடைத்த மறுவருடம் அந்தத் தீவுக்குப் போக நானே இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதினேன். ஒரு பிழை இல்லை. அனுமதி வந்தது.

"தீவுக்கா? இன்னாத்துக்கு? அங்க உனக்கு யாரு கீறாங்க?" என்று தெருவில் கேட்டார்கள். அண்ணன் ஷாப்பில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டுத் துணைக்கு வந்தான். "உன்ன தனியா உட்டா ஊரு என்னத்தான் பேசும். அதுக்குத்தான் வர்றேன். கடலப் பாக்கணும்னு எனக்கொண்ணும் ஆசை கெடயாது" என்றான்.

தீவின் காவல்காரரே படகு கொண்டுவந்தார். ஐம்பது வயதிருக்கும். அனுமதிக் கடிதத்தை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் என் பையைத் திறக்கச் சொன்னார்.

"நான் டீச்சர்" என்றேன்.

"இருக்கட்டும் தாயி. கத்தி, அருவா ஏதும் இருக்கான்னு பாக்கணும். திரும்பிப் போகையிலயும் பாப்பேன். யாரா இருந்தாலும் பாப்பேன்."

என் மாற்றுச் சேலையைத் தூக்கி உதறினார். முகம் எரிந்தது. அந்த நிமிடத்திலிருந்து அவரை எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு கறாராக இருப்பவன் எதையோ மறைக்கிறான் என்று தோன்றியது.

படகில் அண்ணன் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான். கரை இறங்கியதும் ஒரு மரத்தடியில் சுருண்டு படுத்துவிட்டான். எதிரே வெள்ளை மணல். தண்ணீருக்குள் வேரூன்றி நின்ற கண்டல் மரங்கள். நான் பதினைந்து வருடம் நினைத்திருந்ததை விடத் தீவு சிறியதாக இருந்தது. மேற்குப் பக்கம் கை காட்டிக் காவல்காரர், "அங்கிட்டு மட்டும் போகாதீக" என்றார்.

ஏன் என்று சொல்லவில்லை. அவர் படகைக் கட்டப் போனதும் நான் அந்தப் பக்கம்தான் போனேன்.

இருபது அடி போவதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. பட்டை ஊறும் வாசனை. எங்கள் வீட்டில் அப்பாவின் வேட்டியில் அடிக்குமே, அதேதான். ஒரு குடிசை, அதன் பின்னால் மணலில் புதைத்த பெரிய தொட்டி, அதில் செக்கச்செவேலென்று தண்ணீர். பக்கத்தில் கட்டுக்கட்டாக மரப்பட்டை. பட்டை ஊறிய சிவப்புத் தண்ணீரைத் தோல் பதனிடுவதற்கு அல்லாமல் வேறு எதற்கும் நான் கண்டதில்லை. பட்டை கம்மியாகிவிட்டது, வியாபாரிகள் எங்கெங்கோ தேடி அலைகிறார்கள் என்று வீட்டில் பேச்சும் அடிபட்டுக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சர்க்கார் மரத்தை உரித்து, ஊறவைத்து சாரம் பார்த்து, எங்கள் ஊர்ப் பக்கமே விற்கிறான்! வேறு யாரும் அதில் கை வைத்துவிடக் கூடாதென்றுதான் என் பையில் அருவாள் தேடினான்.

வந்தவர்கள் எழுதுவதற்கு ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். மாதம் ஒரு தடவை ஆபீசுக்குப் போகும். அதில் இங்கிலீஷில் எழுதினேன்: இந்தக் காவல்காரர் தீவின் மரங்களின் பட்டையை உரிக்கிறார். தொட்டியைக் கண்ணால் பார்த்தேன். கீழே பெயரும் உத்தியோகமும் எழுதி மை உலரும்வரை ஊதினேன்.

"என்ன தாயி எழுதுனீக?" என்று கேட்டார் படகைக் கட்டிவிட்டு வந்த காவல்காரர்.

"எடம் நல்லா இருக்குன்னு எழுதினேன்."

"சந்தோசம். போன தடவ புஸ்தகத்துல ஒருத்தர் குறை எழுதிட்டாரு. இனிமே ஒரு குறை வந்துச்சுன்னா வேலையை விட்டு நிப்பாட்டிருவேன்னு ஆபீஸ் துரை சொல்லிட்டாரு."

எனக்கு அது திருடனுக்குப் பயத்தில் வரும் பேச்சாகவே பட்டது.

அண்ணனை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். தள்ளாடிக்கொண்டு குடிசைக்கு வந்தான். ஷாப்பில் பட்டை வந்தால் முதலில் கடித்துத்தான் பார்ப்பார்கள். அவனும் ஒரு துண்டை எடுத்து மென்று துப்பினான்.

"வேலம்பட்டை. ஷாப்புக்கு மூட்டை மூட்டையா வருமே, அது. இந்தத் தீவுல ஒரு வேல மரம் காட்டு பாக்கலாம்."

அப்போது குடிசையிலிருந்து ஒரு பெண் வந்தாள், காவல்காரரின் மனைவி. எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு இழுத்தாள். வலை வந்தது. நூல் வலை, செம்பழுப்பு நிறத்தில், சொட்டச் சொட்ட.

"உப்புத் தண்ணியில இத்துப் போகாம இருக்கப் பட்டைச்சாயம் போடுறோம். பட்டை அக்கரையில வாங்குறது. இங்க ஒரு குச்சி ஒடிக்க விடமாட்டாக எங்க வீட்டுக்காரவுக. சேலையை ஒதுக்குங்க, தெறிச்சா போகாது. அதுக்குத்தான் யாரையும் இங்கிட்டு விடுறதில்ல."

அண்ணன் என்னைப் பார்த்தான். "மரத்தப் பாத்தியா நீ? ஒரு மரத்துலயாவது காயம் கீதா?"

நான் ஒரு மரத்தையும் பார்த்திருக்கவில்லை.

புத்தகத்தைத் திரும்பக் கேட்டேன். அடிக்கவோ கிழிக்கவோ கூடாது, பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கிறது என்றார் காவல்காரர். அப்படியானால் கீழே எழுத வேண்டும் என்றேன். எதற்கு என்றார். முதலில் எழுதியதை அவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் மனைவி வலையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பிறகு இங்கிலீஷில் நான்கு வரி எழுதினேன். தொட்டி வலைக்கு, பட்டை கரையிலிருந்து வந்தது, மரங்களைப் பார்க்காமல் எழுதிவிட்டேன், தவறு என்னுடையது. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"நீங்க இப்ப எழுதுனது இதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

மை உலரட்டும் என்று புத்தகத்தைத் திறந்தே வைத்தேன். "ரெண்டுல எதைத் துரை நம்புவாரு?" என்றார். புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தேன்.

படகடியில் நானாகவே பையைத் திறந்து வைத்தேன். அவர் மாற்றுச் சேலையை உதறினார். சீப்பை எடுத்துப் பார்த்தார். மடித்த கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். வரும்போது பார்த்ததை விட ஜாஸ்தி நேரம் பார்த்தார்.