சூளையில் குத்தாத குண்டூசி

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் 'குண்டூசி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக இல்லை, மரியாதையாகத்தான். பாதுகாப்புத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா இருந்தாரா என்றால், அதுதான் இல்லை. 'போர் கற்றுத் தந்த பாடங்கள்' என்று பேசக் கூப்பிட்டால் போதும், நூலகமோ, கல்லூரியோ, வங்கி ஊழியர் சங்கமோ, கிளம்பிவிடுவார். "மைக்குன்னு காதுல விழுந்தா போதும், இவருக்குச் செருப்பு தானா வந்து கால்ல மாட்டிக்கும்" என்பாள் அவர் மனைவி.

பேச்சும் நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்ல முடியாது. போர் நடந்தபோது அவர் பார்த்த வேலையே அப்படி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களை எதிரி பிடித்து வைத்திருந்த காலம். எங்கே குண்டு போடுவது என்று தினமும் பிற்பகலில் ஒரு நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்வார்கள். மேஜை முழுக்க வரைபடம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஜனங்கள் ஒதுங்கியிருக்கும் இடம் என்று தெரிந்தால் அங்கே குண்டு போடக் கூடாது என்பதற்கு அடையாளமாக அதன் மேல் பச்சைத் தலை வைத்த குண்டூசியைக் குத்துவது இவர் பொறுப்பு. தலைமை அதிகாரி இடத்தின் பெயரைப் படிப்பார், கையெழுத்துப் போடுவார், பேனாவை மூடுவார். மூடுவதற்குள் யாராவது வாயைத் திறந்தால் அந்த இடம் பிழைத்தது. மூடிவிட்டால் அவ்வளவுதான், அதற்குமேல் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. அந்த ஆபீசின் வழக்கம் அது.

அந்த இடைவெளியில் புகுந்து இவர் ஒரு மருத்துவமனையைக் காப்பாற்றியிருக்கிறார். பொய்யில்லை, சத்தியமாக நடந்தது. அதைச் சொல்லிவிட்டு, "ஒரே ஒரு ஆளாவது வாயைத் திறக்கணும். போர் எனக்குக் கத்துக்கொடுத்த பாடம் அதுதான்" என்று முடிப்பார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். வீட்டுக்கு வந்தபின் ஏனோ சாப்பாடு இறங்காது. மனைவி, வெளியில் எதையோ தின்றுவிட்டு வந்திருக்கிறார் என்று திட்டுவாள்.

மகளுக்குக் கல்யாணம் கூடி வந்ததே இந்தப் பேச்சால்தான். மாப்பிள்ளைப் பையன் மருந்துக்கடை வைத்திருந்தான். அவன் அம்மா தையல்காரி. புருஷன் போன பிறகு மிஷினை மிதித்தே பிள்ளையை ஆளாக்கியவள். பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று விரும்பி நிற்க, அந்த அம்மாள் மட்டும் பிடி கொடுக்கவே இல்லை. "அந்தத் துறைக்காரன் வீட்டுலயா? நான் செத்தப்புறம் பண்ணிக்கோ" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரி. குண்டு விழுந்த ஊர்க்காரி. மகன் ஒருநாள் அவளை நைசாக நூலகத்துக்கு அழைத்துப்போய், பின் வரிசையில் உட்கார வைத்து, இவர் பேச்சைக் கேட்கவிட்டான். வீடு திரும்பியதும், "சரி, தேதி குறிக்கச் சொல்லு" என்றாளாம்.

கல்யாணத் துணியெல்லாம் நானேதான் தைப்பேன் என்று அடம்பிடித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். முதலில் மனைவிக்கு அளவெடுத்தாள். பிறகு இவரைக் கூடத்து ஜன்னல் ஓரமாக நிற்க வைத்தாள்.

"கையைத் தூக்குங்க சம்பந்தி. மூச்சைப் பிடிக்காதீங்க. அப்புறம் சட்டை பத்தலைன்னு என்னைத்தான் திட்டுவீங்க."

"அவர் எப்பவும் அப்படித்தான் நிப்பார் சம்பந்தியம்மா. போட்டோவுக்குன்னே பொறந்தவர்" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

தையல்கார அம்மாள் நாடாவை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தேன். எங்க அக்கா அந்த ஓட்டுச் சூளையிலதான் போனா. எங்க ஊர்ல ஓடு சுடுவாங்கல்ல, அந்தச் சூளை. சுவரு அவ்வளவு கெட்டி. அதனால ப்ளேன் சத்தம் கேட்டாலே பாதி ஊரு அதுக்குள்ளதான். குண்டு விழுந்த அன்னிக்கு உள்ள போனவங்க ஒருத்தரும் வெளியில வரல. அன்னியிலேருந்து உங்க ஆபீஸ் பேரைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு எரியும். உங்க பேச்சைக் கேட்டப்புறம்தான் மனசு ஆறுச்சு. அந்தச் சூளை உங்க கண்ணுல பட்டிருக்காது. பட்டிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?"

தூக்கிய கை தூக்கியபடி நின்றார்.

அவர் கண்ணில் பட்டது. பார்க்கப்போனால், அந்த மேஜையில் சூளையைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். முந்தின நாள் மாலை, அங்கிருந்து தப்பி வந்த ஓட்டு வியாபாரி ஒருவன் ஆபீஸ் தாழ்வாரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஜனமெல்லாம் சூளைக்குள்ளதான் இருக்கு" என்று அழுதான். இவரும் தலையாட்டி, தைரியம் சொல்லி அனுப்பினார். மறுநாள் கூட்டத்துக்குப் பச்சைக் குண்டூசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

ஆனால் நடுவில் ஒரு கூத்து நடந்திருந்தது. அதற்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இவர் குதி குதியென்று குதித்திருந்தார். அன்று காலையில் அதன் படம் வந்தது. பள்ளிக்கூடம் எப்போதோ மூடப்பட்டு, உள்ளே ஆடு கட்டியிருந்தார்கள். விடுவார்களா? இவர் கூட்ட அறைக்குள் நுழைந்ததும் ஒரு இளம் அதிகாரி "மே..." என்றான். மேஜையே குலுங்கிச் சிரித்தது. "வாங்க குண்டூசி! இன்னிக்கு எந்த ஆட்டைக் காப்பாத்தப் போறீங்க?" என்றார் தலைமை அதிகாரி. அந்தப் பெயர் வந்ததே அப்படித்தான். மேடையில் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சூளையின் பெயர் படிக்கப்பட்டது. இவர் வாயைத் திறக்கப் போனார். எதிரே அந்த இளம் அதிகாரி உதட்டைக் குவித்துக்கொண்டு தயாராக இருந்தான். இன்னொரு தடவை சிரிப்பார்கள் என்று தோன்றியது. அந்த ஒரு நொடி தயங்கினார். பேனா மூடப்பட்டது.

வேலை போய்விடும், உயிர் போய்விடும் என்று பயந்திருந்தால்கூடத் தனக்குத்தானே ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருக்கலாம். ஒரு 'மே'வுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? வெட்கக்கேடு. பெற்ற மகளிடம், கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாத வெட்கக்கேடு.

இப்போதும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. "ஆமாம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்யாணம் நடக்கும், மகள் சிரிப்பாள், புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கலாம். வாய் திறக்காவிட்டால்கூடப் போதும், அந்த அம்மாளே அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்வாள்.

"என் கண்ணுல பட்டுச்சு" என்றார்.

"என்னது?"

"சூளை. மேஜைக்கு வந்துச்சு. உள்ள ஜனம் இருக்குறது எனக்குத் தெரியும். நான் சொல்லல."

நாடா நழுவித் தரையில் விழுந்தது. டீ கொண்டுவந்த மனைவி கதவோரமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன் சொல்லல?" தையல்கார அம்மாளின் குரல் உயரவே இல்லை. "மிரட்டினாங்களா?"

"இல்ல."

"பின்ன?"

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. "சிரிப்பாங்கன்னு" என்றார். பிறகு ஆடு, பள்ளிக்கூடம், 'மே' எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாகிக்கொண்டே போனது.

"ஐயோ, என்னங்க நீங்க..." என்றாள் மனைவி.

தையல்கார அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. "மிரட்டினாங்கன்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே, பாவி மனுஷா. சிரிப்புக்கா எங்க அக்கா போனா?"

அவர் தலை நிமிரவில்லை. "கல்யாணத்தை நிறுத்தணும்னா நிறுத்துங்க. என் பொண்ணுக்கு நானே சொல்லிக்கிறேன்."

"கல்யாணம் கிடக்கட்டும், அதை அப்புறம் பேசலாம்." பையைத் திறந்து கைபேசியை எடுத்தாள். "எங்க அத்தானுக்கு நீங்களே சொல்லணும். அக்கா வீட்டுக்காரர், லாரி ஓட்டிக்கிட்டிருந்தவர். அன்னிக்குச் சூளைக்குள்ள போய் இரு, வண்டியோட வந்து கூட்டிட்டுப் போறேன்னு அக்காகிட்டச் சொன்னதே அவர்தான். நானே அவளைச் சாகடிச்சுட்டேன்னு சொல்லிச் சொல்லி, அன்னியோட ஸ்டீயரிங்கைத் தொடறதை விட்டுட்டார். இன்னும் அதேதான் சொல்லிக்கிட்டிருக்கார். நீங்க மேடை மேடையாப் போய்க் கைதட்டு வாங்குன காலமெல்லாம் அந்த மனுஷன் உங்க பாவத்தைச் சுமந்துக்கிட்டிருந்தார்."

இது அவருக்குத் தெரியாது. செத்தவர்களை நினைத்துத் தூக்கம் கெட்டதுண்டு. உயிரோடு ஒருவன் தன் பழியைத் தூக்கிக்கொண்டு நடப்பான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. செத்துவிடலாம் போல இருந்தது.

அவள் எண்ணை அழுத்தி, "அத்தான், சம்பந்தி பேசணுமாம்" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை அவர் கையில் திணித்தாள்.

"யாரு, சம்பந்தியா!" லாரிக்காரரின் குரல் உற்சாகமாக வந்தது. "கொழுந்தியா உங்களைப் பத்திப் பெருமையா சொல்லிக்கிட்டே இருக்கா. கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"போர்க் காலத்துல நாங்க எல்லாரும்..." என்று மேடைப் பேச்சு தானாக வாயில் வந்தது. எதிரே அவள் பார்த்த பார்வையில் அதை மென்று விழுங்கினார். "அண்ணே, உங்க சம்சாரம் போனதுக்கு நீங்க காரணம் இல்லைங்க. சூளைக்குள்ள ஜனம் இருக்குன்னு எனக்குத் தெரியும். அங்க குண்டு போடாதீங்கன்னு சொல்ல வேண்டியது என் வேலை. நான் சொல்லல. தப்பு என் மேலதான்."

கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்ப..." என்று இழுத்தது லாரிக்காரரின் குரல். "நான் அவளைப் போய் இருக்கச் சொன்னது சரியான இடம்தானா?"

"சரியான இடம்தாண்ணே. உங்க ஊர்லயே அதைவிட நல்ல இடம் கிடையாது."

லாரிக்காரர் அழ ஆரம்பித்தார். குழந்தை போல விக்கி விக்கி அழுதார். தையல்கார அம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். இவர் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்து, அந்த மனிதர் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.