ஞாயிற்றுக்கிழமை குஷன்

அப்பாவின் சக்கர நாற்காலிக்கு நான் செய்த குஷன் நான்கு அங்குல உயரம். அடியில் கெட்டி ஃபோம் இரண்டரை, மேலே மிருதுவானது ஒன்றரை. வால் எலும்பு படும் இடத்தை உள்ளங்கை அளவுக்குக் குடைந்திருந்தேன். ரெக்ஸின் இந்தக் குளிரில் சில்லிட்டுப்போகும் என்று கம்பளித் துணியில் உறை. குன்னூரில் பதினெட்டு வருடமாக சோபாவும் ஜீப் சீட்டும் தைக்கிறேன். எதற்கும் இவ்வளவு அளவெடுத்ததில்லை.

காரணம் இருந்தது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்ததில் அவருக்குப் பின்புறம் தோல் சிவந்திருந்தது. "உரிஞ்சு புண்ணாச்சுன்னா அப்புறம் படுக்கைதானுங்க" என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

அப்பா அரவேணுவில் தங்கை வீட்டில் இருக்கிறார். ஞாயிறுதோறும் போவேன். நாற்காலியின் கால்தகட்டில் காலை வைத்து, குஷன் மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

"எப்படிங்கப்பா இருக்குது?"

"பஞ்சாட்டம் இருக்குது, போ."

சிவப்பு குறைந்துவிட்டதாகத் தங்கையும் சொல்வாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைப்பேன். நான்காவது ஞாயிறு எழுதியது: 'உறையில் சுருக்கமே இல்லை. தையல் நன்றாக நிற்கிறது.' அந்த வரியைப் படிக்க இப்போது கூசுகிறது.

ஒன்பதாவது வாரம், ஒரு புதன்கிழமை, கோத்தகிரியில் வேலை முடித்துவிட்டுச் சொல்லாமல் போய் நின்றேன். குஷன் பீரோவின் மேல் இருந்தது; பிளாஸ்டிக் பை போட்டு, சணலால் கட்டி. அப்பா மடித்த போர்வையின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் தங்கையின் கை பீரோவை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.

"எத்தனை நாளா?"

"மொத வாரத்துல இருந்துங்கண்ணா."

அப்பா சிரிக்கப் பார்த்தார். "தொரை விசிட் வர்றாருன்னா ஃபேக்டரியக் கழுவி வெக்க மாட்டமா? அதாட்டம்தான்."

முப்பது வருடம் தேயிலை ஃபேக்டரியில் இருந்தவர். துரை வரும் நாளில் மட்டும் தொப்பியும் கையுறையும் வெளியே வரும் கதையை அவர் சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அந்தத் துரையாக என்னை ஆக்கியிருந்தார்கள். எட்டு ஞாயிறு. நான் பஸ் ஏறியதும் சணலை எடுத்திருக்கிறார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க நோட்டை விரிச்சுட்டு உக்காந்தா யாருக்குங்கண்ணா வாய் வரும்?" என்றாள்.

வேட்டியை விலக்கிப் பார்த்தேன். சிவப்பு முன்பைவிட அகலமாகியிருந்தது. தோல் இன்னும் உரியவில்லை, அவ்வளவுதான்.

"ஏங்கப்பா?"

அவர் இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றி, எக்கி எக்கி, நாற்காலியை அடுப்படி வரை நகர்த்திக் காட்டினார். "உன்ற குஷன்ல ஏறுனா காலு எட்டறதில்ல. கக்கூசுக்குப் போறதுக்கும் உன்ற தங்கச்சியக் கூப்புடோணும்."

இடுப்பு, தொடை, முதுகு எல்லாம் அளந்தவன் குதிகாலுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளக்கவில்லை. அது என் பிழை. ஆனால் என் பிழையை என்னிடமிருந்தே ஒளித்துவைத்தது அவர்கள்.

மறுநாள் நாற்காலியின் சீட்டுத் துணியைக் கழற்றிவிட்டு, நான்கு அங்குலம் கீழே பலகை இறக்கி, அதன் மேல் குஷனை வைத்தேன். குதிகால் தரையில் பட்டது. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "பஞ்சாட்டம் இருக்குது" என்றார்.

இப்போது எந்தக் கிழமை வருவேன் என்று சொல்வதில்லை. போனதும் முதலில் வேட்டியை விலக்கித் தோலைப் பார்க்கிறேன். அவர் முகத்தைப் பிறகுதான் பார்க்கிறேன்.