ராஜூ அண்ணனின் பையில் இருந்த கேமரா

மன்னிக்கவும். இழவு வீட்டில் போய் நிற்க வேண்டியவள் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எல்கடுவ ராஜூ அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை... ஹார்ட் அட்டாக். அவர் மகள் கீதாவின் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதன் கீழே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நேரத்துக்கு வரும் த்ரீவீல்காரர், எல்லாரையும் சிரிக்க வைத்தவர் என்று. ஒருவர் மட்டும், "அந்தக் காலத்தில் டவரைப் படம் எடுத்து மாட்டிக்கொண்ட மனுஷன்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்.

அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வடக்கில் சண்டை முடிவதற்கு முந்தைய வருஷம். கேம்பஸ் முடித்த கையோடு மாத்தளையில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். தேயிலைத் தோட்டங்களில் இடிந்துபோகிற லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, படம் எடுத்து ரிப்போர்ட் எழுதும் வேலை. ராஜூ அண்ணன் எனக்கு முன்பே அங்கே இருந்தவர்.

ஆபீஸில் இரண்டு டிஜிட்டல் கேமரா கொடுத்தார்கள். எது நல்லது என்று பாவித்துப் பார்த்துச் சொன்னால் அதிலேயே இன்னும் ஐந்து வாங்குவார்களாம்.

ஒன்று சவர்க்காரக் கட்டி அளவு, வெள்ளி நிறம். மற்றது தடித்த கறுப்பு, பன்னிரண்டு மடங்கு ஜூம்.

அண்ணனுக்குச் சின்னதுதான் பிடிக்கும். லயத்து அறையின் இருட்டிலும் அடுப்புப் புகையிலும் ஃப்ளாஷ் இல்லாமலே படம் விழும். சுவர் வெடிப்புக்கு ஒரு சாண் பக்கத்தில் வைத்து எடுத்தாலும் உள்ளே இருக்கிற எறும்பு வரை தெரியும்.

கறுப்பு, அறைக்குள் உதவாது. ஃப்ளாஷ் போட்டால் எல்லாருக்கும் சிவப்புக் கண், போடாவிட்டால் படம் ஆடிப்போகும். பாட்டரியையும் தின்றுகொண்டே இருக்கும்.

ஆனால் ரோட்டில் நின்றபடியே மேல் லயத்துத் தகரம், எதிர் மலையில் மண் சரிந்த இடம், கொழுந்து எடுக்கிறவர்கள்... எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். யாரிடமும் பேச வேண்டாம். எனக்கு அதுதான் பிடித்தது.

"என்னம்மா, ரோட்டுல நின்னே வேலைய முடிச்சிட்டியா?"

"இங்க இருந்தே நல்லா தெரியுதுண்ணே."

"உனக்கு அவங்கள தெரியுது. அவங்களுக்கு உன்னைய தெரிய வேணாமா? வா, பிளேன்டீ ஊத்துறாங்க."

உள்ளே ஓர் அக்கா அவரை விரட்டினார். "தம்பி, கூரைய எடுங்க. என் மூஞ்சிய எடுத்து என்னா செய்யப் போறீங்க?"

"இந்த வீட்டுல ஒழுகாம இருக்கிறது அது ஒண்ணுதான்க்கா."

அக்கா சிரித்து முடிப்பதற்குள் அண்ணன் படம் எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டின் அட்டையில் போனது அந்தப் படம்தான்.

ஒருநாள் திரும்பும் வழியில், ஜூம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க, தூரத்து மலை உச்சியில் இருந்த டவரை எடுத்தேன். அதன் அடியில் ஆர்மிக் காவல் கொட்டில் இருந்தது திரையில் தெரிந்தது. எவ்வளவு துல்லியம் என்று சந்தோஷப்பட்டேன்... அழிக்கவில்லை.

பஸ்ஸில் பாட்டரி தீர்ந்தது. மாற்றித் தரச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தேன். மாற்றினார், அதைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு வெள்ளியை என்னிடம் கொடுத்தார்.

டவுனுக்கு முன்னால் செக்பாயிண்ட். எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசையில் நின்றோம். சிப்பாய் அண்ணனின் பையிலிருந்து கறுப்பு கேமராவை எடுத்து ஒவ்வொரு படமாகத் தட்டினான். டவரில் நின்றான்.

"மேக்க கத்தே கவுத?"

யார் எடுத்தது என்று கேட்கிறான். பெண்கள் வரிசையில், நாலடி தள்ளி நின்ற எனக்கும் கேட்டது. எனக்கு நன்றாகச் சிங்களம் தெரியும்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிப்பாயைப் பார்த்து, "மம, சேர்" என்றார். நான்தான், சேர்.

அண்ணனை உள்ளே கூட்டிப் போனார்கள். நான் பஸ்ஸில் ஏறினேன். பஸ் புறப்பட்டது. என் மடியில் வெள்ளிக் கேமரா இருந்தது.

மூன்றாம் நாள் விட்டார்கள். உதடு வீங்கியிருந்தது. ஆபீஸ் படியில் என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கல்ல? பொலிஸ்ல உன் பேரு ஏறக் கூடாது. உங்க லயத்துல இருந்து கேம்பஸ் போன மொத ஆளு நீ. வாய மூடிக்கிட்டு இரு."

மூடிக்கொண்டேன். அவர் சொன்னதால் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியபோது அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மானேஜர் சொல்லச் சொல்ல அந்தச் சம்பவத்தைப் பற்றிய ரிப்போர்ட்டை டைப் செய்தவளும் நான்தான். 'பாவித்தவரின் கவனக்குறைவு.' அடுத்த மாதம் அண்ணனின் கொன்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. ஆபீஸுக்கு ஐந்து வெள்ளிக் கேமரா வந்தன. எனக்கு டீச்சர் நியமனம் வந்தது.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவர் மனைவி மல்லிகா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீயே சொல்லு தங்கச்சி. ஊரு கெட்டுக் கெடந்த நேரத்துல டவரையா படம் புடிப்பான் ஒருத்தன்? நல்ல வேலைய விட்டுட்டு இப்ப த்ரீவீல் ஓட்டுறாரு."

"அழகா இருந்துச்சு, எடுத்தேன். விடு புள்ள" என்றார் அண்ணன், பாயாசக் கப்பைப் பார்த்துக்கொண்டே.

நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

போய்ட்டு வாங்கண்ணே.

கீதா, இதை நீ படிப்பாய் என்று தெரியும். டவரை எடுத்தது உங்க அப்பா இல்லை. நான். அம்மாவுக்கு இதை முழுசாக வாசித்துக் காட்டு.

வாசித்த பிறகு ஒன்று மட்டும் கேட்டுச் சொல்... கருமாதிக்கு நான் வரலாமா?