கடல் தெரியும் அறை

கனடாவுக்கு வந்த முதல் வருடம், ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் எட்டாம் மாடி வெள்ளைக்கார மூதாட்டி, "இந்தக் குளிருக்கு எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். கையிலிருந்த அழுக்குத் துணிக் கூடையைக் காட்டி, "கீழே, உடுப்புத் தோய்க்க" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று தெரியாமலே நானும் சிரித்து வைத்தேன். இந்த நாட்டில் குளிர் தொடங்கியதும் மனிதர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வேறெங்காவது போவார்கள், அதுவும் விரும்பிப் போவார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. சண்டை நடந்த எங்கள் ஊரில் ஒருவர் "எங்கே போகிறீர்கள்" என்று கேட்டால், மூட்டை கட்டிவிட்டீர்களா, பிள்ளைகளை யார் தூக்குவது என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

சில வருடங்கள் கழித்து அவருக்குச் சொல்ல என்னிடமும் ஒரு பதில் இருந்தது: ஸ்பெயின்.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கட்டடத்தில் யாருக்குப் படிவம் திரும்பி வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். "அங்கிள், உந்தக் கேள்விக்கு என்ன எழுதுறது?" நான் எழுதிக்கொடுத்த படிவம் பிழையென்று திரும்பி வந்ததில்லை. என் மனைவி மகேஸ்வரியின் தங்கை ரதிக்கு விசிட்டர் விசா கேட்டு இரண்டு தடவை எழுதினேன். படிவத்தில் ஒரு குறையும் காணாமல், இரண்டு தடவையும் விசாவை மட்டும் மறுத்தார்கள். ரதி பாரிஸில் அலுவலகங்கள் துப்பரவு செய்பவள். ஒற்றை அறையில் வேறு இரண்டு பெண்களோடு இருந்தாள். நாங்கள் அங்கே போய்த் தங்க இடமில்லை, பாரிஸ் ஹோட்டல் வாடகை எங்கள் கைக்கு எட்டாது; அவள் இங்கே வர விசா இல்லை. அக்காவும் தங்கையும் கண்டு ஏழு வருடம். அவளுக்கு லீவு கிடைப்பது பெப்ரவரியில் மட்டும். அவளுடைய அகதிப் பயணப் பத்திரத்துக்கும் எங்கள் புதிய கனடியக் கடவுச்சீட்டுக்கும் பொதுவாகத் திறக்கும் கதவு எது என்று தேடியபோது ஸ்பெயின் அகப்பட்டது.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். மலகா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தில் இரண்டு அறை எடுத்திருந்தால் போதும். ஆனால் லிஃப்ட் மூதாட்டி எச்சரித்தார்: "அந்தப் பெரிய ஊர்களுக்குப் போகாதீர்கள், முழுக்கக் கொங்கிறீட். தனக்கென்று ஒரு முகம் உள்ள சின்ன ஊராகப் பாருங்கள். சீசன் இல்லாத காலம் அதற்குத்தான் நல்லது." அது எனக்குள் பிடித்துக்கொண்டது. உத்தியோக காலத்தில் மேலதிகாரிகளின் சுற்றுலா விடுதிக்கு எத்தனையோ அனுமதிக் கடிதம் எழுதியவன் நான். எனக்கென்று ஓர் ஊரைத் தெரிவு செய்தது கிடையாது.

நூலகத்தில் ஸ்பெயின் பற்றிய புத்தகங்களை அடுக்கிக்கொண்டு இருந்தேன். அங்கிருந்த பெண், "ஆராய்ச்சிக் கட்டுரையா?" என்று மரியாதையாகக் கேட்டார். "இல்லை, ஒரு வாரம் விடுமுறை" என்றதும் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்தது. பெரிய தாளில் கோடு போட்டுப் பதினொரு ஊர்களை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே பேருந்து, ஆஸ்பத்திரி, குளிர்காலத்தில் திறந்திருக்கும் ஹோட்டல், பழைய கோட்டை, வெளிச்சவீடு, மீன்பிடித் துறைமுகம், சராசரி வெப்பம் என்று ஏழு பெட்டிகள். ஒருநாள் மகேஸ்வரி தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, கடலுக்குக் கிட்ட வேண்டாமே."

"பெப்ரவரியில பகலில பதினாறு பாகை வரும். காத்துக்கு ஒரு சுவெட்டர் போட்டாக் காணும்" என்றேன்.

அவள் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போனாள்.

ஓர் ஊர் ஏழு பெட்டியிலும் சரி போட வைத்தது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. பிழை அந்த ஊருடையதல்ல. ரதிக்குத் தாளின் பிரதியை அனுப்பினேன். தொலைபேசியில் வந்தாள்.

"அத்தான், கடிதம் கிடைச்சது. எந்த ஊரெண்டாலும் எனக்குச் சரி. அக்காவைக் கண்டாக் காணும். ஒண்டு மட்டும் அத்தான்..."

"ஒண்டுக்கும் யோசியாதையும் ரதி. ரெண்டு அறையும் கடலைப் பாத்தபடிதான் கேட்டிருக்கிறன். அவங்கள் ஓமெண்டு ஃபக்ஸ் அனுப்பிப்போட்டாங்கள்."

பாரிஸ் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவளுடைய தொலைபேசி அட்டையில் காசு முடிகிறது என்று நினைத்தேன்.

"சரி அத்தான்."

மலகாவில் சகோதரிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதில் முதல் பேருந்தைத் தவறவிட்டோம். "எலும்பாப் போனியேடி." "நீ ரெண்டு பேற்ர சாப்பாட்டையும் சாப்பிட்டிருக்கிறாய் போல அக்கா." பேருந்தில் இருவரும் ஒரே சால்வைக்குள் இருந்தார்கள். ஊர் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது: வெள்ளை வீடுகள், இடிந்த கோட்டை, மணலில் இழுத்துவிட்ட வள்ளங்கள். நானே கட்டியதுபோலப் பெருமையாக இருந்தது. ஹோட்டலை நடத்தியவர் கறுப்புச் சட்டை போட்ட ஒரு வயதான பெண். பதிவேட்டில் ஒப்பமிடும்போது, வள்ளத்தில் நிற்கும் ஒரு வாலிபனின் படமும் அதன் முன் ஒரு மெழுகுதிரியும் மேசையில் கண்டேன். ஊரின் அழகுக்கு வைத்தது என்று எண்ணினேன்.

சகோதரிகளுக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. முதல் நாள் விடிந்தும் அவர்களுடைய மர யன்னல் சாத்தியே இருந்தது. பயணக் களைப்பு. இரண்டாம் நாளும் சாத்தியிருந்தது. நான் தனியே துறைமுகத்தைச் சுற்றிப் படம் எடுத்தேன். மூன்றாம் நாள் காலை ஹோட்டல்காரப் பெண் ரதியின் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்க நடையில் போவதைக் கண்டேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. சீசன் இல்லாத நேரத்திலும் வேறு யாருக்கோ கடல் அறையைக் கொடுக்கப் பார்க்கிறாள்! ஃபக்ஸை எடுத்துவந்து, கோடிட்ட வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "மார்" என்று ஸ்பானிய மொழியில் சொல்லிக் கடல் பக்கம் கையைக் காட்டி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "நோ மார்" என்றார். நான் ஃபக்ஸை இன்னும் உயர்த்திப் பிடித்தேன்.

"அத்தான், விடுங்கோ." ரதி நடையில் நின்றாள். "நான்தான் கேட்டனான்."

ரதியின் கணவன் நேசன் சண்டைக் காலத்தில் கிளாலிக் கடல்நீரேரியைக் கடக்க வள்ளம் ஏறியவன். மறுகரைக்கு வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. பிரான்சில் அவள் அகதி விண்ணப்பத்துக்கான வாக்குமூலத்தை ஸ்காபரோவில் இருந்து எழுதிக் கொடுத்ததே நான்தான். நான்காம் பத்தி: புறப்பட்ட கரை, வள்ளத்தின் அளவு, ஏறியோர் தொகை, கடைசியாகக் கண்ட இடம். அதிகாரி ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நேசனை நான் நான்காம் பத்தியில் எழுதி, கோப்பைக் கட்டி வைத்துவிட்டிருந்தேன்.

அன்று மகேஸ்வரி என் அறைக்கு வந்து, யன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ரெண்டு ராவா அவள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தவள். அலைச் சத்தம் கேக்குதாம். உங்கட தாளில ஏழு பெட்டி போட்டனீங்களே, அவளின்ர மனுசனுக்கு ஒரு பெட்டி போட்டனீங்களோ?"

"நீர் எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான். நீங்கள் சுவெட்டர் காணும் எண்டியள்."

பின்பக்க அறை ஒரு சிறு முற்றத்தைப் பார்த்தது. ஆரஞ்சு காய்த்த ஒரு தோடை மரம், உடுப்புக் கொடி, சமையலறைக் கதவு. மிச்ச நாட்களில் ஹோட்டல்காரப் பெண்ணோடு சேர்ந்து மூன்று பெண்களும் அங்கே கதிரை போட்டிருந்து அவரைக்காய் உரித்தார்கள். ஒரு பொதுச் சொல் இல்லாமல் எப்படி அவ்வளவு கதைத்தார்கள் என்பது எனக்கு இன்னும் தெரியாது. ரதி சிரிப்பது நடைவரை கேட்டது. நான் எட்டிப் பார்த்தால் சிரிப்பு மரியாதையாகக் குறைந்தது. இரண்டு படம் எடுத்துக்கொண்டு, நான் கேட்டு வாங்கிய கடலைப் பார்க்கத் திரும்பிப் போனேன்.

கடைசி நாள் பேருந்துத் தரிப்பில் ரதியிடம் கேட்டேன்: "அண்டைக்குப் ஃபோனில 'ஒண்டு மட்டும்' எண்டு என்ன சொல்ல வந்தனீர்?"

"மறந்திட்டன் அத்தான்" என்றாள். என் சுவெட்டர் பொத்தானைப் பார்த்தபடி சொன்னாள். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தெரிந்தது. பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்தேன்.

படங்களைக் கழுவி எடுத்தபோது மகேஸ்வரி இரண்டை மட்டும் பிரித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். முற்றம், தோடை, தங்கை. பார்ப்பவர்கள், "ஸ்பெயினோ? எங்கட சாவகச்சேரி மாதிரியெல்லோ கிடக்கு" என்கிறார்கள். மற்றவை என்னிடம். போன கிழமை லிஃப்டில் மூதாட்டி கேட்டார் என்று காட்டினேன். வெளிச்சவீடு, வள்ளங்கள், துறைமுகம், கடல், கடல், கடல். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அருமையான ஊர்" என்றார். "ஆனால் ஒருவரையும் காணோமே?"

"சீசன் இல்லாத காலம்" என்றேன்.