கால்நடை டாக்டரின் பைனாகுலர்

வாசலூர்பட்டிப் பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்த வருடம், எங்கள் குவார்ட்டர்ஸின் கடைசி வீட்டில் கால்நடை டாக்டர் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். ஒல்லியான, லேசாகக் கூன் விழுந்த மனிதர். இருட்டியதும் வாசலில் ஸ்டாண்டை விரித்து, கைக்குழந்தை அளவுள்ள ஒரு பைனாகுலரை அதில் மாட்டி வானத்தைப் பார்ப்பார். பார்த்து முடித்ததும், பின்னால் யாரோ காத்திருப்பதுபோல் சற்று ஒதுங்கி நிற்பார். அங்கே யாரும் இருந்ததில்லை.

மாசியில் ஒருநாள் நான் போய் நின்றேன். கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டினார். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரிந்த நட்சத்திரங்கள் அதில் எண்ண முடியாமல் பெருகின.

"டெலஸ்கோப் வாங்கலையா சார்?"

"அதுல ஒண்ணு மட்டும் பெருசாத் தெரியுமுங்க டீச்சர். இதுல அக்கம்பக்கமெல்லாம் சேந்து தெரியும்." கொஞ்சம் தயங்கினார். "நாளைக்கும் வாரீங்களா?"

வருகிறேன் என்றேன். மறுநாள் பரீட்சைத் தாள் திருத்துவதில் மறந்தே போனேன். அடுத்த நாள் காலையில் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவரே முந்திக்கொண்டார்.

"நல்லவேளை, நீங்க வரலீங்க. நேத்து ஒரே மூடுபனி. ஒண்ணுமே தெரியல."

நிம்மதியாகத் திரும்பினேன். மாலையில் பால் ஊற்ற வந்த அக்கா கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், நேத்து டாக்டர் ஊட்டு வாசல்ல ரெண்டு சேர் கெடந்துச்சே, ஆரு வந்தாங்க? வானம் கழுவி உட்டாப்புல இருந்துச்சு. அவரு மட்டும் ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு."

அன்று இருட்டியதும் போனேன். மூடுபனியைப் பற்றி நான் பேசவில்லை. வராதவளின் மனம் நோகக் கூடாதென்று ஒரு முழு வானத்தையே மறைத்துவிட்ட மனிதரிடம் என்ன கேட்பது?