அப்பா கடிக்காத பிஸ்கட்

சாயத்தண்ணியில், அந்தப் பால் சேர்க்காத தேநீரில், முக்கிய பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே அதன் இனிப்பு ஆவியோடு மூக்கில் ஏறிவிடும். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய்க் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுடையதில், வேலை விட்டு வந்த அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பிஸ்கட்டையும் மூன்று எண்ணும்வரை முக்கி, உடைந்து விழுமுன் வாய்க்குள் சேர்த்துவிடுவார். முன்பற்கள் விழுந்து, மிச்சமும் ஆடிக்கொண்டிருந்த அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் அதெல்லாம் வீட்டோடு சரி. அடுத்தவர் வீட்டில் "முக்கித் திங்கிறது" எங்களுக்குள் பெரிய குறை. "காணாததக் கண்ட மாதிரி" என்று பேச்சு வரும் என்பாள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் சித்தியடைந்து, கண்டியில் பெரிய பாடசாலையில் இடமும் கிடைத்தது. தங்கத்தான் இடமில்லை. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் தனியாக வசித்த, ஓய்வுபெற்ற முஸ்லிம் டீச்சர் ஒருவரைத் தோட்டத்துப் பள்ளி வாத்தியார் சொன்னார். எங்களை நேரில் பார்த்த பிறகே முடிவு சொல்வாராம். கிளம்பும்போது அம்மா அப்பாவிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "அங்க போயி முக்கிப்புடாதீங்க."

நாங்கள் போய் உட்கார்ந்ததும் டீச்சர் பால்தேநீரும் ஒரு தட்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். அப்பா ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். பழக்கத்தில் கை தானாக முக்கிவிடும் என்ற பயத்தில் கோப்பையையும் தொடவில்லை. அவர் தொடங்காமல் நான் எப்படித் தொடங்குவது? டீச்சர் இரண்டு தரம் சாப்பிடச் சொன்னார். இரண்டு தரமும் அப்பா, "இருக்கட்டுங்க டீச்சரம்மா" என்றார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. டீச்சரின் முகம் மெல்ல வாடியது.

"எங்கட ஊட்டுல வாய் நனைக்க ஒங்களுக்கு மனசில்ல போல. அது பரவாயில்ல தம்பி. ஆனா புள்ள மூணு வேளையும் இங்கதானே சாப்பிடணும்? வேற எடம் பாருங்க."

முஸ்லிம் வீடு என்பதால் தின்ன மறுக்கிறோம் என்று அவர் நினைத்துவிட்டார். அப்பா பிஸ்கட்டோடு எழுந்து நின்றார். வாசல்வரை போய்விட்டால் பிறகு நான் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடைக்குத்தான் என்பது எனக்குத் தெரிந்தது.

"டீச்சர், அப்பாவுக்குப் பல்லு இல்ல. முக்காம திங்க ஏலாது. முக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லி அனுப்பிச்சு."

அப்பா வாயைத் திறந்து காட்டவும் செய்தார். டீச்சர் "அல்லாஹ்வே" என்று வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கோப்பையை அப்பா பக்கம் நகர்த்தினார்.

"முக்குங்க தம்பி, நல்லா முக்குங்க."

பதற்றத்தில் அப்பா எண்ண மறந்தார். பாதி பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. டீச்சர் அவரிடம் ஒரு கரண்டியை நீட்டிக்கொண்டே, பாடசாலை எப்போது தொடங்குகிறது என்று என்னைக் கேட்டார்.

அந்த வீட்டில் எட்டு வருடம் இருந்து படித்தேன். இன்று கண்டியில் நானும் ஒரு டீச்சர். என் வாடகை வீட்டுக்கு வரும் அப்பா, என்னோடு படிப்பிப்பவர்கள் முன்னாலேயே இரண்டு பிஸ்கட்டைச் சேர்த்து முக்குகிறார், அவர்களும் முக்குகிறார்கள். அம்மா மட்டும் இன்னும் வேறு பக்கம் பார்ப்பாள். அந்தப் பழைய கட்டுப்பாடு போன இடம் தெரியவில்லை. போகட்டும். ஒரு பிஸ்கட் கனத்தில்தான் அன்று என் படிப்பு தப்பிப் பிழைத்தது.