மீனலோசனி அக்கா பிழையாகப் பார்த்த படம்

எங்கள் குழுவில் ஒருவர் படம் போட்டால் பத்து நிமிடத்துக்குள் நாற்பது பேர் "அருமை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மீனலோசனி அக்கா எழுத ஒரு முழு நாள் எடுக்கும். பலர் அந்த ஒரு நாள் காத்திருப்பதற்காகவே படம் போட்டார்கள்.

குழுவைத் தொடங்கியவன் நான். பெயர் றஜீபன், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே வேலணைத் தீவில் போட்டோப் பிரதி எடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஓய்வு நேரத்தில் படம் எடுக்கிற தீவகத்து ஆட்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று நினைத்து முகநூலில் ஆரம்பித்தது. வங்கியில் வேலை செய்பவர், ஓட்டோ ஓடுபவர், ரீச்சர்மார், கனடாவுக்கும் பிரான்சுக்கும் போய் இருபது வருடத்துக்குப் பிறகு கமரா வாங்கியவர்கள் என்று ஆயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். படம் எடுத்துச் சாப்பிடுகிறவர் ஒருவரும் இல்லை.

மீனலோசனி அக்காவிடம் கமராவே இல்லை. நயினாதீவு நூலகத்தில் உதவியாளர். வயது ஐம்பத்துநாலு. தகப்பன் தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்தவர், பிள்ளைகளும் தாயும் ஊரோடு. பிறந்த நாளிலிருந்து அக்கா அந்தத் தீவிலேயேதான் இருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் தமக்கையின் மகள் சயந்தினிதான் அவரைக் குழுவில் சேர்த்துவிட்டவள்.

அவர் முதன்முதல் எழுதியது ஒரு தேர்ப் படத்துக்கு. வங்கிக்காரர் ஒருவர் எடுத்தது. எல்லோரும் தேரைப் புகழ்ந்து முடித்த பிறகு அடுத்த நாள் அக்கா எழுதினார்: "தேரை எல்லாரும் பாத்திட்டம். வலது மூலையிலை ஒரு அம்மா தேருக்கு முதுகு காட்டிக்கொண்டு ஆரையோ தேடுறா. அவ ஆரைத் தேடினவ எண்டு உமக்குத் தெரியுமோ?"

எடுத்தவருக்கே அந்த அம்மா அதில் இருந்தது தெரியாது. அவர் அந்த மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போட்டார். ஈரச் சேலை, கையில் அருச்சனைத் தட்டு, ஆயிரம் பேருக்கு நடுவில் ஒரு முகத்தைத் தேடும் கண்கள். அதைப் பார்த்த பிறகு தேர் யாருக்கும் ஞாபகமில்லை.

ஊர்காவற்றுறையில் பஸ்ரியாம்பிள்ளை என்று ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இருக்கிறார். மூன்று வருடமாகப் பின்னேரம் தவறாமல் துறைமுகத்தடிக்குப் போய்ச் சூரியன் விழுவதை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு அலுத்துப்போயிருந்தது, ஆனால் அதிபருக்கு யார் சொல்வது? அக்கா கேட்டார்: "ஐயா, சூரியன் நல்லா விழுது. அது விழேக்கை உங்கடை முதுகுக்குப் பின்னாலை என்ன நடக்குது?"

அடுத்த நாள் அவர் திரும்பி நின்று எடுத்தார். ஐஸ்கிறீம் விற்பவர், இரண்டு கன்னியாஸ்திரிகள், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பொலிஸ்காரர், ஒரு நாய். எல்லா முகத்திலும் சிவப்பு வெளிச்சம். எல்லோரும் அவர் வழமையாகப் பார்க்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று இரவு அதிபர் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, மூண்டு வருசமா இந்தச் சனமெல்லாம் எனக்குப் பின்னாலை நிண்டிருக்குது."

இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். மேசை லாச்சியைத் திறந்து ஓர் அப்பியாசக் கொப்பியைக் காட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். "படத்திலை இருக்கிற எல்லாத்தையும் முதல் எழுதிப்போடுவன். செருப்பு, கயிறு, மேகம், ஒண்டும் விடாமல். பிறகு, எடுத்த ஆள் எங்கை நிண்டது எண்டு யோசிப்பன். அந்த இடத்திலை நானும் போய் நிண்டு பாத்தால்தான் எனக்கு எழுத வரும். அதுக்குத்தான் ஒரு நாள் வேணும்."

இந்த வழக்கத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் மீறினார்.

தைப்பொங்கலுக்கு முதல் வாரம். நெடுந்தீவில் வீடு வீடாகப் போய் மின்மானி வாசிக்கிற ஜோர்ஜ் ஒரு படம் போட்டான். முப்பது வயதுப் பொடியன், அதிகம் கதைக்கமாட்டான். தமையன் பிரான்சில் இருந்து அனுப்பிய பழைய கமராவும் தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் நீட்டு லென்ஸும் வைத்திருந்தான். அதற்கு முதல் ஐந்தாறு படம் போட்டிருப்பான், அவ்வளவுதான்.

படத்தில் கீழே சாம்பல் நிறக் கடல். கடலுக்கு மேலே ஒரு கீற்று வெறும் ஆகாயம். அந்த ஆகாயத்துக்கு மேலே நயினாதீவு. பனைகளோடும் வீட்டுக் கூரைகளோடும் ஓரத்தில் கோபுர நுனியோடும் முழுத் தீவும் தண்ணீரில் முட்டாமல் நின்றது. கீழே எழுதியிருந்தான்: "எங்கடை கரையிலை இருந்து நயினாதீவு. விடிய ஆறு இருபது."

ஐந்து நிமிடத்தில் அக்காவின் பதில் வந்தது. "ஜோர்ஜ், இது ஒட்டுப்படம். எங்கடை ஊரை வெட்டி மேலை வைச்சிருக்கிறீர். நான் இஞ்சை பிறந்து ஐம்பத்துநாலு வருசம். ஒருநாளும் இது தண்ணியை விட்டு எழும்பேல்லை. இப்பிடியான படத்துக்கு இது இடமில்லை."

அக்காவே சொல்லிவிட்டார் என்றதும் மற்றவர்கள் தொடங்கினார்கள். அடுத்த கிழமை தீவு கொழும்புக்குப் பறக்குமோ என்று ஒருவர். ரிக்கற் எவ்வளவு என்று இன்னொருவர். எண்பது, தொண்ணூறு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. ஜோர்ஜ் ஒரே ஒரு வரி எழுதினான்: "நான் ஒட்டேல்லை அக்கா." பின்னேரம் பார்த்தால் படமும் இல்லை, குழுவில் அவனும் இல்லை.

மூன்றாம் நாள் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"றஜீபன், அந்தப் படம் உம்மட்டை இருக்கோ?"

மாத முடிவில் சிறந்ததைத் தெரிவுசெய்வதற்காக எல்லாப் படத்தையும் நான் இறக்கி வைப்பது வழக்கம். இருக்கிறது என்றேன்.

"அண்டைக்கு நான் கொப்பியிலை ஒரு வரிகூட எழுதேல்லை. என்ரை ஊர்தானே, எனக்குத் தெரியாததோ எண்டு நினைச்சிட்டன். நான் அந்தப் படத்தைப் பாக்கவேயில்லை."

கடையில் அதைப் பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு மறுநாள் காலைப் படகில் போனேன். நூலகத்தில் இரண்டு பேர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தாளை மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, இடது பக்கம் தொடங்கி வலது பக்கம்வரை ஒரு மணித்தியாலம் பார்த்தார். இடையிடையே கொப்பியில் எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை பாரும். பனைக்குக் கீழை."

குனிந்து பார்த்தேன். தீவின் அடியில், அந்த ஆகாயக் கீற்றுக்குள், தலைகீழாகப் பனைகள் தொங்கின. மயிர் அளவு மெல்லியவை. மேலே நின்ற ஒவ்வொரு பனைக்கும் கீழே ஒன்று.

"ஒட்டுறவன் பனையை ஒட்டுவான். ஒவ்வொரு பனைக்கும் கீழை இன்னொண்டைத் தலைகீழாத் தொங்க விடுவானோ?" அக்கா கண்ணாடியை வைத்துவிட்டுக் கொப்பியை மூடினார். "நான் நெடுந்தீவுக்குப் போகோணும்."

"நீங்கள் போயிருக்கிறீங்களோ?"

"இல்லை. தினம் பாக்கிறனான். குறிகட்டுவான் துறையிலை அந்தப் படகுக்கு நிக்கிற சனத்தையும் பாக்கிறனான். எனக்கு அங்கை ஒரு அலுவலும் வரேல்லை."

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். நானும் கூடப் போனேன். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகில் ஏறியதிலிருந்து கடல் பிரட்டிப் போட்டது. அக்கா படகு விளிம்பில் குனிந்து இரண்டு முறை சத்தி எடுத்தார். திரும்புவோமோ என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

ஜோர்ஜை ஒரு கல்வேலிக்குப் பக்கத்தில் கண்டோம். சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு வீட்டு மின்மானியை வாசித்துக் கொப்பியில் பதிந்துகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் முகம் மாறியது.

"தம்பி, நான் மீனலோசனி. நயினாதீவு."

"தெரியும் அக்கா."

"உம்மடை படத்தைப் பாக்காமல் எழுதிப்போட்டன். அது என்ரை பிழை. எல்லாருக்கும் முன்னாலை சொன்னதை எல்லாருக்கும் முன்னாலைதான் திருத்துவன். நேரிலை ஒருக்கா சொல்லோணும் எண்டுதான் வந்தனான்."

ஜோர்ஜ் பேனையை மூடினான், திறந்தான், திரும்ப மூடினான். "எனக்குக் கோவம் இல்லை அக்கா. நீங்கள் எழுதினால் சரியாத்தான் இருக்கும் எண்டு எனக்கே ஒரு சந்தேகம் வந்திட்டுது. நான் என்ரை கண்ணாலை கண்டதை நானே நம்பாமல் விட்டிட்டன். அதுக்குப் பிறகு கரைப்பக்கம் போகேல்லை."

அக்கா சட்டென்று கல்வேலியைப் பிடித்துக்கொண்டார். அவர் எழுதிய நாலு வரி ஒரு மனிதனைக் கடற்கரைக்கே போகவிடாமல் பண்ணியிருந்தது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவீரோ?"

"போகலாம். வந்தாலும் வரும், வராட்டியும் வராது. எங்கடை கையிலை இல்லை."

அன்று நெடுந்தீவு நூலகத்தில் வேலை செய்யும் பிரியவதனியின் வீட்டில் தங்கினோம். சனி காலை மப்பு வானம். கடலுக்கு மேலே ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். அக்கா ஏமாற்றத்தைக் காட்டவில்லை. "படம் எடுக்கிற ஆக்கள் எத்தினை நாள் இப்பிடித் திரும்பிப் போறவை?" என்று மட்டும் கேட்டார். "கனநாள்" என்றான் ஜோர்ஜ்.

ஞாயிறு விடியக் காற்று விழுந்திருந்தது. குளிர். கரையில் நாங்கள் மூன்று பேர்தான். கிழக்கு வெளுத்தபோது வடகிழக்கில் நயினாதீவு தாழ்ந்த கறுப்புப் பட்டியாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதன் இரண்டு முனையும் பாயின் நுனி சுருளுவது போல மெல்ல மேலே எழும்பின. நுனிகளுக்குக் கீழே வெளிச்சம் புகுந்தது. வெளிச்சம் இரண்டு பக்கத்தாலும் உள்ளே உள்ளே போய், நடுவில் ஒன்றையொன்று தொட்டது.

தீவு தண்ணீரை விட்டுவிட்டது.

ஜோர்ஜ் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, குந்துங்கோ."

அக்கா குந்தினார். தீவு இன்னும் உயர்ந்தது. எழும்பினார். அது பதிந்தது. திரும்பக் குந்தினார். திரும்ப எழும்பினார். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, ஐம்பத்துநாலு வயதில், ஏழெட்டுத் தடவை. தான் பிறந்து வளர்ந்த ஊர் தன் முழங்காலுக்கு ஏற்ப ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஈர மணலிலேயே இருந்துவிட்டார். வாயைக் கையால் பொத்தியிருந்தார்.

அப்போது மீன்பிடி வள்ளம் ஒன்று தீவுக்கு முன்னால் வந்தது. வள்ளத்துக்குக் கீழே இன்னொரு வள்ளம் தலைகீழாகக் கூடவே ஓடியது. ஜோர்ஜ் கமராவைத் தூக்கவில்லை. அவனும் பார்த்துக்கொண்டே நின்றான்.

வெயில் ஏற எல்லாம் பழையபடி இறங்கிவிட்டது. ஜோர்ஜ் விளக்கினான். கடல் சூடு, அதன்மேல் கிடக்கும் காற்றுக் குளிர், அதனால் வெளிச்சம் வளைந்து வருகிறதாம். வெயிலில் தார் றோட்டில் தெரியும் கானல்தான் இதுவும் என்று இங்கே படிப்பித்த விஞ்ஞான ரீச்சர் சொன்னாராம். அக்கா கவனமாகக் கேட்டார்.

"எவ்வளவு காலமா இது நடக்குது?"

"எப்பவும்தான் அக்கா. தை மாசம் எண்டால் கிழமைக்கு ரெண்டு நாள் எண்டாலும் வரும். அம்மாவுக்கும் தெரியும். 'நயினாதீவு எழும்பிட்டுது, தேத்தண்ணி வைக்கட்டோ' எண்டு கேப்பா."

அக்கா சிரித்தார். கண் நனைந்திருந்தது. பிறகு பையிலிருந்து நான் அச்செடுத்த தாளை எடுத்து மடியில் விரித்தார். "இப்ப படத்தைப் பற்றிக் கதைக்கலாமோ?"

"கதையுங்கோ அக்கா."

"இதிலை கடலும் ஊரும் மட்டும் இருக்கு. பாக்கிற ஆளுக்கு நிக்க இடம் இல்லை. இப்ப என்ரை காலுக்குக் கீழை கல்லு இருக்கு, பக்கத்திலை இந்தக் கயிறு கிடக்கு, அதாலை நான் கண்டது உண்மை எண்டு எனக்குத் தெரியுது. உம்மடை கரையைக் கொஞ்சம் உள்ளுக்கை எடும். உமக்கு அது பழகின கரை. எங்களுக்கு அதுதான் கதவு."

ஜோர்ஜ் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தான். "நீட்டு லென்ஸ் வேண்டாம் எண்டுறீங்கள்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. அது உம்மடை வேலை."

திங்கட்கிழமை அக்கா குழுவில் எழுதினார். நீளமாக இல்லை. தான் பார்க்காமல் எழுதியதையும், பொய் என்று சொல்லி ஒருவரின் பெயரைக் கெடுத்ததையும், பிறகு போய்க் கண்டதையும் சொன்னார். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ஜோர்ஜிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நானும் கேட்டேன். அவன் குழுவுக்குத் திரும்பி வந்தான், ஆனால் இரண்டு கிழமை ஒன்றும் போடவில்லை. பதினொரு விடியல் கரைக்குப் போனானாம். ஏழு நாள் வெறுங்கையோடு திரும்பினானாம்.

பிறகு ஒரு படம் வந்தது. முன்னால் ஈரக் கற்கள், அரைவாசி சுருட்டிய வலைக் கயிறு, யாரோ கழற்றிவிட்ட ஒற்றைச் செருப்பு. தூரத்தில், கடலுக்கும் தனக்கும் நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று விட்டு, நயினாதீவு. முன்னையதைவிடத் தீவு மிகச் சின்னதாக இருந்தது. ஆனால் பார்த்தவுடன் என் உள்ளங்கால் குளிர்ந்தது. கரையில் நிற்பது நான் என்றே தோன்றியது. அன்று பத்து நிமிடத்துக்குள் ஒருவரும் "அருமை" எழுதவில்லை. அக்காவுக்கு இரண்டு நாள் எடுத்தது. "கொப்பியிலை ரெண்டு பக்கம் எழுதினனான். அதை உமக்குச் சொல்லத் தேவையில்லை. நான் இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அதன் பிறகு நடந்ததை ஜோர்ஜ் எனக்குச் சொன்னான். மாசி மாதம் ஒரு காலை, ஆறரை மணி. கிணற்றடியில் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றவனுக்கு அக்கா போன் எடுத்தாராம். நயினாதீவின் மேற்குக் கரையில் நிற்கிறாராம். மூச்சு வாங்கியதாம்.

"ஜோர்ஜ், இப்ப நெடுந்தீவு எழும்பி நிக்குது! முழுசா! கீழாலை வெளிச்சம் தெரியுது. நீர் எங்கை நிக்கிறீர்?"

"வீட்டிலைதான் அக்கா."

"அப்ப அதுக்குள்ளைதான் நிக்கிறீர்."

ஜோர்ஜ் வாயில் நுரையோடு சுற்றிப் பார்த்தானாம். கிணறு, வாளி, கொடியில் அம்மாவின் சேலை, மண்ணைக் கிளறும் இரண்டு கோழிகள். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. என்றாலும் ஒரு காலை மெதுவாகத் தூக்கி, மெதுவாகவே திரும்ப வைத்தானாம்.

"எவ்வளவு உயரம் அக்கா?"

"ஒரு பனை இருக்கும். ஆடாமல் நில்லும், நான் பாக்கிறன்."